சங்கல்பம் காட்டும் இன்று

இல்லத்துப் பூசையாயினும் ஆலயத்து அர்ச்சனையாயினும், விரதமாயினும் முன்னோர்க்குரிய திதியாயினும், இந்து சமயத்தின் வழிபாடுகளில் பெரும்பாலானவை சங்கல்பத்தோடு தொடங்குகின்றன. விநாயகரைத் தொழுது, மூச்சை அடக்கி, வலத் தொடையின் மேல் இடக் கையை மல்லாத்தி வைத்து, அதை வலக் கையால் மூடிக்கொண்டு சொல்லப்படும் வாசகம் அது. புரோகிதர் சொல்லச் சொல்ல, வீட்டுத் தலைவர் பின்னால் சொல்வார். வடமொழி என்பதாலும் வேகமாகச் சொல்லப்படுவதாலும் அதன் பொருள் பலருடைய செவியில் விழுவதில்லை. பொருள் விளங்கினால், முன்னோர் அங்கே ஒரு பெரிய பாடத்தை வைத்திருப்பது புலப்படும்.

அந்த வாசகம் மிகத் தொலைவிலிருந்து புறப்படுகிறது. பிரம்மதேவரின் ஆயுள் நூறு ஆண்டுகள். அதில் முற்பாதி கழிந்து பிற்பாதி நடக்கிறது என்று தொடங்குகிறது. பிரம்மாவின் ஒரு பகல் ஒரு கற்பம்; மனிதக் கணக்கில் அது 432 கோடி ஆண்டுகள். இப்போது நடப்பது சுவேதவராக கற்பம். ஒரு கற்பத்தில் 14 மன்வந்தரங்கள். நடப்பது ஏழாவதாகிய வைவஸ்வத மன்வந்தரம். ஒரு மன்வந்தரத்தில் 71 சதுர்யுகங்கள். நடப்பது 28ஆவது சதுர்யுகத்தின் கலியுகம். கலியுகத்தின் அளவு 4,32,000 ஆண்டுகள். அதில் முதற்பாதத்தில், 5,100 ஆண்டுகளுக்குச் சற்று மேல் மட்டுமே கடந்திருக்கின்றன.

இவ்வளவு பெரிய காலக் கணக்கைச் சொன்ன பிறகு, வாசகம் இடத்தைச் சொல்கிறது. ஜம்புத்தீவில், பாரத வர்ஷத்தில், பரத கண்டத்தில், மேருவுக்குத் தென்புறத்தில் என்று நெருங்கி வருகிறது. அதன்பின் மீண்டும் காலத்துக்குத் திரும்பி, அறுபது ஆண்டுகளில் இன்ன ஆண்டு, இன்ன அயனம், இன்ன ருது, இன்ன மாதம், வளர்பிறையா தேய்பிறையா, இன்ன திதி, இன்ன கிழமை, இன்ன நட்சத்திரம் என்று படிப்படியாக இறங்குகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் புறப்பட்டது, இன்றைய பொழுதில், இந்தப் பலகையில், இந்த மனிதர் அமர்ந்திருக்கும் இடத்தில் வந்து நிற்கிறது.

இறைவனுக்கு இன்றைய திதி தெரியாதா? காலத்தைப் படைத்தவனுக்குக் கிழமையை எடுத்துச் சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. சொல்லப்படுவது இறைவனிடம், ஆயினும் அதைக் கேட்க வேண்டியவர், சொல்பவரே. மலர் எடுப்பதற்கு முன், மணி அடிப்பதற்கு முன், மனத்தை எங்கெங்கோ இருந்து அழைத்து வந்து, ‘நீ இருப்பது இந்த இடம், இந்த நாள்’ என்று உட்கார வைப்பதற்கே அந்த வாசகம். நிகழ்காலத்தில் வாழ்வது எப்படி என்று இக்காலத்தில் வகுப்புகள் நடக்கின்றன, கட்டணமும் உண்டு. பூசை அறையில் தினந்தோறும் அந்த வகுப்பு கட்டணமின்றி நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனால், வாய் ‘இன்று’ என்று சொல்லும்போது மனம் இன்றில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆலயத்தில் மாலை நேரத்துச் சாயரட்சைக் கூட்டத்தைக் கவனித்தால் இதற்கு விடை கிடைக்கும். ஒரு மணி நேரம் காத்திருந்து கருவறைக்கு நேரே இடம் பிடித்தவர்கள் நிற்கிறார்கள். திரை விலகுகிறது. அடுக்குத் தீபம் எழுகிறது. மணியும் மேளமும் ஒலிக்கின்றன. கற்பூர ஒளியில் இறைவன் திருமேனி ஒரு கணம் பொன்னாகத் தெரிகிறது. அந்தக் கணத்தில் ஒருவர் மனம் வாசலில் விட்டு வந்த செருப்பில் இருக்கிறது. மற்றொருவர் மனம் கடைசிப் பேருந்தில் இருக்கிறது. ஓர் அம்மையாருக்கு அடுப்பை அணைத்தோமா என்ற ஐயம். இளைஞர் கையிலோ கைப்பேசி. அவர் தீபத்தைப் பிற்பாடு வீட்டில் பார்த்துக்கொள்வார். ஆரத்தித் தட்டு அருகில் வரும்போதுதான் எல்லோரும் திரும்பி வருகிறார்கள். அதற்குள் திரை விழுந்துவிடுகிறது.

இதில் வெட்கப்பட ஏதுமில்லை. மனத்தின் இயல்பே அது. பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அருச்சுனன் இதையேதான் கண்ணனிடம் முறையிடுகிறான். மனம் அலைகிறது, அதை அடக்குவது காற்றைப் பிடிப்பது போன்றது என்பது அவனுடைய குறை. காண்டீபம் ஏந்திய வீரனுக்கே அந்த நிலை. கண்ணன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கடினம்தான் என்று ஒப்புக்கொள்கிறான். இடைவிடாத பயிற்சியாலும் பற்றின்மையாலும் மனம் வசப்படும் என்கிறான். அது எந்தப் பக்கம் ஓடினாலும் அந்தப் பக்கத்திலிருந்து மீட்டுக்கொண்டு வர வேண்டும் என்பதும் அதே அத்தியாயத்தில் வரும் அறிவுரை. ஓடாத மனம் வேண்டும் என்று கண்ணன் கேட்கவில்லை. ஓடியதைத் திரும்ப அழைக்கும் பழக்கத்தைத்தான் கேட்கிறான்.

வங்கியில் நோட்டு எண்ணும் காசாளரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இயந்திரம் வருவதற்கு முன் நூறு நோட்டுகள் கொண்ட கட்டை அவர் விரலாலேயே எண்ணுவார். அறுபத்து மூன்றில் இருக்கும்போது, எதிரே நிற்கும் வரிசையின் நீளத்தை நினைத்தால் போதும், எண்ணிக்கை தவறிவிடும். தவறினால் நல்ல காசாளர் தம்மை நொந்துகொண்டு நேரத்தை வீணாக்க மாட்டார். கட்டைத் தட்டி நேராக்கி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். 108 மணி கொண்ட ஜபமாலையை உருட்டுபவருக்கும் இதே விதிதான். எங்கே தவறியது என்று ஆராய்வதால் பயனில்லை. அடுத்த மணியைத் தொடுவதே வழி.

இளமையில் மனம் ஓடுவது பெரும்பாலும் எதிர்காலத்தை நோக்கியே. வயது அறுபதைத் தாண்டினால் அது இரு பக்கமும் ஓடத் தொடங்குகிறது. ஒரு பக்கம் கழிந்த காலம்: கட்டிய வீடு, விற்ற நிலம், கிடைக்காத பதவி உயர்வு, பேசாமல் போன தம்பி, சொல்லியிருக்க வேண்டாத ஒரு சொல். மறுபக்கம் வரப்போகும் காலம்: மருத்துவமனைச் செலவு, அயல்நாட்டில் இருக்கும் பிள்ளை, யாருக்கும் பாரமாகிவிடுவோமோ என்ற அச்சம், முன்னே போவது யார் என்ற கேள்வி. இவ்விரண்டுக்கும் நடுவே இன்றைய பொழுது, கவனிப்பாரின்றிக் கழிகிறது. காலையில் குடித்த காப்பியின் சுவைகூடப் பலருக்கு நினைவில் நிற்பதில்லை.

கும்பகோணத்தில் ஒரு முதிய தம்பதியர். அவர் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். அம்மையாருக்கு எழுபது வயதை ஒட்டி மறதி நோய் தொடங்கியது. முதலில் சாவி, கண்ணாடி, உப்பு. பிறகு அண்டை வீட்டார் பெயர்கள். அதன்பின் நாளும் கிழமையும் அவரை விட்டுப் போயின. “என்னங்க, இன்னைக்கு என்ன கிழமை?” என்று கேட்பார். கணவர் சொல்வார். ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்வி. சில காலை வேளைகளில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டு, பத்து முறை கேட்பார்.

ஆசிரியராகப் பல ஆண்டுகள், பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியவர்தாம் கணவர். ஆயினும் இந்தக் கேள்வி அவரைச் சோர்வடையச் செய்தது. சில வேளைகளில் குரல் உயர்ந்துவிடும். “இப்பதானே சொன்னேன்” என்பார். அம்மையார் முகம் வாடும். ஏன் வாடியது என்பதும் சிறிது நேரத்தில் அவருக்கு மறந்துவிடும். கணவருக்கோ மறக்காது. இரவில் படுத்தால் உறக்கம் வராது. நாற்பத்தைந்து ஆண்டு இல்வாழ்க்கையில் இருவரும் சேர்ந்து கண்டவை, பட்டவை எல்லாம் இனி தமக்கு மட்டுமே நினைவிருக்கும் என்ற துயரம் ஒரு புறம். ஒருநாள் தம்மையே அடையாளம் தெரியாமல் போய்விடுமே என்ற அச்சம் மறுபுறம். அருகில் படுத்திருப்பவர் அமைதியாக உறங்க, இவர் நேற்றுக்கும் நாளைக்கும் நடந்துகொண்டே இருப்பார்.

மாலையில் இருவரும் கும்பேசுவரர் கோயிலுக்குச் செல்வது வழக்கம். ஒருநாள் சாயரட்சைத் தீபாராதனை. தீபம் எழுந்தபோதும் கணவர் சந்நிதியைப் பார்க்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வழக்கம் இன்னும் எத்தனை நாள், அடுத்த ஆண்டு மாசி மகத்துக்கு இவரை அழைத்து வர முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மையார் கைகளைக் குவித்தபடி, இமைக்காமல், சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவரின் பார்வை தம்மேல் இருப்பதை உணர்ந்தவர் போல், திரும்பாமலேயே, “அங்கே பாருங்க, அணைஞ்சிடப் போகுது” என்றார்.

கணவர் திரும்பிப் பார்த்தார். தீபம் இறங்கிக்கொண்டிருந்தது. பார்த்தது சில விநாடிகள்தாம். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் சுவாமியைப் பார்த்ததாக அவர் பிற்பாடு நண்பர்களிடம் சொல்வார்.

மறுநாள் காலை வழக்கம்போல் பூசைக்கு அமர்ந்தார். பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதியும் கிழமையும் நட்சத்திரமும் சேர்த்துச் சங்கல்பம் சொன்னார். சொல்லி முடித்ததும் கூடத்திலிருந்து குரல் வந்தது: “என்னங்க, இன்னைக்கு என்ன கிழமை?” அன்று அந்தக் கேள்வி அவருக்கு வேறு விதமாகக் கேட்டது. எல்லாம் அறிந்த இறைவனிடம் இன்றைய கிழமையைத் தினமும் சொல்கிறோம். அதைத் தொல்லை என்று ஒருநாளும் எண்ணியதில்லை. அறியாமல் கேட்கும் இவரிடம் சொல்வதற்கு மட்டும் ஏன் இத்தனை சலிப்பு? கேள்வி பத்தாவது முறை வருவது தமக்குத்தான். கேட்பவருக்கு ஒவ்வொரு முறையும் அதுவே முதல் முறை. எழுந்து வந்து அருகில் அமர்ந்து, “இன்னைக்கு வியாழக்கிழமை. அனுஷ நட்சத்திரம். தசமி” என்று நிதானமாகச் சொன்னார். அன்று முதல் அந்தப் பதிலையே தம்முடைய இரண்டாவது சங்கல்பமாக வைத்துக்கொண்டார்.

இதனால் நோய் தீரவில்லை. அந்த நோய் தீர்வதுமில்லை. ஏறத்தாழ ஓராண்டு சென்றபின், அவர் அஞ்சியிருந்த நாளும் வந்தது. மாலையில் அம்மையார் அவரை ஏறிட்டுப் பார்த்து, “நீங்க யாரு?” என்று கேட்டார். கணவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “உங்களைக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்கேன்” என்றார். அம்மையாருக்கு அது போதுமான பதிலாக இருந்தது. உடனே எழுந்து புறப்பட்டார். இருவரும் வழக்கமான வீதிகளில் நடந்து சென்று, வழக்கமான இடத்தில் நின்று, தீபம் கண்டு திரும்பினார்கள். அந்த நாளை நினைத்து ஓராண்டு காலம் உறக்கமின்றிக் கழித்த இரவுகளில் ஒன்றுகூட அன்று அவருக்கு உதவவில்லை. உதவியது, அருகில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் எது வேண்டுமோ அதைச் செய்யப் பழகிய பழக்கம் மட்டுமே.

நிகழ்காலத்தில் நிலைப்பது என்பது கண்ணை மூடிக்கொண்டு தனித்திருப்பது என்றே பலரும் எண்ணுகிறார்கள். திருவண்ணாமலையில் 1896 முதல் 1950 வரை வாழ்ந்த பகவான் ரமண மகரிஷி, வேலைக்கு நடுவிலும் அதைக் காட்டியவர். ஆசிரமச் சமையற்கூடத்தில் விடியற்காலையில் மற்றவர்களோடு அமர்ந்து அவர் காய் நறுக்கியதை அடியார்கள் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். எதையும் வீணாக்க விடமாட்டார்.

வேலூரிலிருந்து வந்த ஒரு தெலுங்குப் பண்டிதர், பலன் கருதாத செயல் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டார். பகவான் பதில் சொல்லவில்லை. பின்னர் மலையில் உலாவச் சென்றபோது, வழியில் கிடந்த முட்கள் நிறைந்த ஒரு கழியை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். முட்களைச் சீவினார். கணுக்களைத் தேய்த்தார். சொரசொரப்பான இலையைக் கொண்டு கழி முழுவதையும் வழவழப்பாக்கினார். ஏறத்தாழ ஆறு மணி நேரம் அந்த வேலை நடந்தது. முட்கழி அழகான கைத்தடியாகிவிட்டதைக் கண்டு உடனிருந்தோர் வியந்தார்கள். அங்கிருந்து புறப்பட்டபோது, தன் கோலைத் தொலைத்துவிட்டுத் தவித்த ஆட்டிடைச் சிறுவன் ஒருவன் எதிர்ப்பட்டான். பகவான் தம் கையிலிருந்த தடியை அவனிடம் கொடுத்துவிட்டு மேலே நடந்தார். தம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றார் பண்டிதர்.

அந்தத் தடி யாருக்கு என்று தெரியாமலேயே ஆறு மணி நேரம் அது இழைக்கப்பட்டது. யாருக்கோ போகப்போகிறது என்பதற்காக ஒரு கணுகூட அரைகுறையாக விடப்படவில்லை. பூத் தொடுக்கும் மூதாட்டிக்கும், பேரனுக்குச் சட்டைப் பொத்தான் தைக்கும் பாட்டிக்கும், கோயில் பிரகாரத்தைப் பெருக்கும் பணியாளருக்கும் இந்த யோகம் எட்டாத தொலைவில் இல்லை.

மனம் இல்லாத ஒன்றைக் கற்பனை செய்யும் ஆற்றல் உடையது. அந்த ஆற்றலே அதை நிகழ்காலத்திலிருந்து இழுத்துச் செல்கிறது. அதையும் இறைபணியில் ஈடுபடுத்தலாம் என்று காட்டியவர் திருநின்றவூர்ப் பூசலார் நாயனார். கோயில் கட்டப் பொருள் திரட்ட முயன்று, கிடைக்காமையால், மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பியவர் அவர். ஒரே மூச்சில் கோபுரத்தை நினைத்து அவர் முடித்துவிடவில்லை. மனத்திலேயே பொருள் சேர்த்து, தச்சரை வருவித்து, நல்ல நாள் பார்த்து அடிநிலை எடுத்து, படைபடையாக உயர்த்தி, சிகரமும் கிணறும் மதிலும் திருக்குளமும் அமைத்து, பின்னரே குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ மன்னனும் அதே நாளைக் குறித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, அந்த நாளில் தாம் பூசலார் கோயிலில் இருக்க வேண்டியிருப்பதால் வேறு நாள் பார்க்கச் சொன்னார் என்பது சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறும் வரலாறு. சிதறிய நினைவுகளால் கோயில் எழாது. ஒவ்வொரு கல்லாக, அந்தக் கல்லிலேயே மனம் வைத்ததால்தான் அந்தக் கோயில் இறைவனுக்குக் குடியிருக்கத் தக்கதாயிற்று.

இப்படியானால் கடந்ததை நினைக்கவே கூடாதா, வருவதற்குத் திட்டமிடவே கூடாதா என்று கேட்கலாம். சாத்திரம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டுக்கும் உரிய இடத்தை அது ஒதுக்கி வைத்திருக்கிறது.

கடந்த காலத்துக்கு உரியவை அமாவாசையும் மாதப் பிறப்பும் மகாளய பட்சமும் திதியும். ஆண்டுக்கு 96 தர்ப்பணங்கள் என்று ஒரு கணக்கு உண்டு. அந்த நாள்களில் எள்ளும் நீரும் இறைத்து, தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் பெயர்களை வாய்விட்டுச் சொல்லி, மனம் நிறைய அவர்களை நினைக்கலாம், கண்ணீரும் விடலாம். அதன் பிறகு எழுந்து, கை கால் கழுவி, அன்றைய உணவை உண்ண வேண்டும். துயரத்துக்கு ஒரு நாளும் ஒரு செயலும் கொடுத்துவிட்டதால், அது எல்லா நாள்களையும் விழுங்க வேண்டியதில்லை.

ஆலயங்களிலும் இதே முறை உண்டு. காலையில் கருவறை திறந்ததும், புதிய மலர் சாத்துவதற்கு முன், நேற்றைய மாலைகளைக் களைகிறார்கள். நேற்று எவ்வளவு மணமும் அழகும் பொருந்தியதாக இருந்தாலும் இன்று அது நிர்மால்யம். அதைக் களையாமல் இன்றைய அபிடேகம் இல்லை. ஆயினும் அதைக் குப்பையாக எவரும் நடத்துவதில்லை. சிவாலயங்களில் நிர்மால்யம் சண்டிகேசுவரருக்கு உரியது. நேற்றைய வாழ்க்கையையும் அவ்வாறே மரியாதையுடன் எடுத்து, உரியவரிடம் ஒப்படைத்துவிடலாம்.

எதிர்காலத்துக்கு உரியது ஏற்பாடு. ஏற்பாடு வேறு, கவலை வேறு. கவலை இரவில் வருகிறது, ஒரு வேலையும் செய்வதில்லை. ஏற்பாடு பகலில், ஒரு மேசைமேல், ஒரு பேனாவோடு முடிகிறது. உயில் எழுத வேண்டுமென்றால், நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதி, இரு சாட்சிகள் கையொப்பத்துடன் வைத்துவிடலாம். வங்கிக் கணக்குகளிலும் வைப்புத் தொகைகளிலும் வாரிசு நியமனம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையேல் படிவம் கொடுத்துவிடலாம். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் அழைக்க வேண்டியவர்களின் தொலைபேசி எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிப் பீரோ கதவில் ஒட்டிவிடலாம். இவை அனைத்தும் நாளைக்கான செயல்கள்தாம். ஆனால் செய்யப்படுவது இன்றில். செய்து முடித்தபின் நாளையைப் பற்றி நினைக்க மிச்சமிருப்பது மிகக் குறைவு. அந்த மிச்சத்தை இறைவனிடம் விட்டுவிடுவதற்குப் பெயர்தான் சரணாகதி.

சிவாலயங்களில் ஒரு நாளை ஆறு காலமாகப் பகுத்து வழிபடும் முறையை இல்லத்திலும் பின்பற்றலாம். உஷத்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தசாமம் என்று ஆறு பொழுதுகள். ஆறு காலப் பூசை செய்வதற்கு அனைவராலும் இயலாது. ஆறு முறை ஒரு நிமிடம் நின்று, ‘இப்போது செய்வது என்ன, மனம் இருப்பது எங்கே’ என்று பார்க்க எவராலும் இயலும். விழித்தவுடன் படுக்கையில் ஒரு நிமிடம். குளிக்கும்போது தலையில் விழும் முதற் செம்பு நீரில் ஒரு நிமிடம். உண்பதற்கு முன் இலையைப் பார்த்து ஒரு நிமிடம். மாலை விளக்கேற்றும்போது ஒரு நிமிடம். தொலைபேசியில் பேரக்குழந்தை பேசும்போது, தொலைக்காட்சியின் ஒலியை அடக்கிவிட்டு, அந்தக் குரலை மட்டும் கேட்கும் ஒரு நிமிடம். உறங்கும் முன், பள்ளியறைக்கு எழுந்தருளும் சுவாமியை நினைத்து, அன்றைய நாளை அன்றோடு ஒப்படைக்கும் ஒரு நிமிடம். முழங்கால் வலி உள்ளவர்க்கும், ஆலயம் செல்ல முடியாமல் படுக்கையில் இருப்பவர்க்கும் இது இயலும்.

கும்பகோணம் நாகேசுவரர் கோயிலில் ஆண்டுதோறும் சித்திரை 11, 12, 13 ஆகிய நாள்களில் காலைக் கதிர் கோபுரவாசல் கடந்து கருவறைக்குள் நுழைந்து சிவலிங்கத்தின் மேல் படுகிறது. சூரியன் செய்யும் வழிபாடாக அதைப் போற்றுகிறார்கள். அந்த வேளையில் அங்கே கூடி நிற்பவர்களுக்குச் செருப்பு நினைவும் பேருந்து நினைவும் எழுவதில்லை. ஒளி நகர்ந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதே காரணம். மற்ற நாள்களில் ஏற்றப்படும் கற்பூரமும் அவ்வளவு நேரமே எரிகிறது. எதிரே அமர்ந்து காப்பி அருந்தும் துணைவரும், வாரம் ஒருமுறை வந்து திண்ணையில் அமரும் பழைய நண்பரும், கோலமிட்ட வாசலும் அவ்வாறே நகர்ந்துவிடுபவை. சித்திரை மாதத்தில் காட்டும் கவனத்தை மற்ற நாள்களுக்கும் கொஞ்சம் கொடுத்தால், ஒவ்வொரு பொழுதும் தரிசனமாகும்.

சங்கல்ப வாசகத்தில் கற்பமும் மன்வந்தரமும் யுகமும் பிறந்தது முதல் மாறாமல் இருப்பவை. எவரும் அவற்றை மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். திதிக்கும் கிழமைக்கும் நட்சத்திரத்துக்கும் உரிய இடங்களோ வெற்றிடங்கள். நேற்றுச் சொன்னதை இன்று சொன்னால் அது பிழை; நாளைக்கு உரியதை இன்றே சொல்லி வைக்கவும் வழியில்லை. அந்த வெற்றிடங்களை நிரப்பப் பஞ்சாங்கத்தை ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்த்தாக வேண்டும். நாளைக் காலையில் அவ்வாறு பார்க்கும்போது, புரோகிதர் வேகத்தில் சொல்லிவிடாமல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்லிப் பார்க்கலாம். கிழமையின் பெயர் வாயில் வரும்போது மனமும் அங்கே வந்து சேர்ந்திருந்தால், பூசை அப்போதே தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.